தொங்கும் நூல்

ஷூ கம்பெனியில் பதினெட்டு வருஷமாக என் வேலை, தைத்து வரும் ஷூக்களில் தொங்கும் நூலைக் கத்தரிப்பது. எங்கே ஒரு நூல் தொங்கினாலும் எனக்குப் பேஜார்தான்.

நெஞ்செரிச்சல் ஜாஸ்தியாகி, ஆம்பூரில் நடந்த மருத்துவ முகாமுக்குப் போனேன். நர்ஸ் எழிலரசி, நூல் கட்டிய மாத்திரை ஒன்றை விழுங்கச் சொன்னார்.

"வயித்துல கரைஞ்சி பஞ்சு விரியும் பாய். பத்து நிமிஷத்துல நூலைப் பிடிச்சி இழுத்துடுவேன். உணவுக்குழாய் செல்லு அதுல ஒட்டிக்கிட்டு வரும், டெஸ்ட் பண்ணலாம். டியூப் விடவேணாம், செலவும் கம்மி."

நூலின் மறுமுனை வாயோரம் தொங்கியது. பார்க்கப் பார்க்க எரிச்சல். என் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த கத்தரியை எடுத்துவிட்டது. பளீரென்று கையில் ஓர் அடி!

"இன்னா பண்றீங்க பாய்? வெட்டினா பஞ்சு உள்ளயே போய்டும்!"

பஞ்சு பத்திரமாக வெளியே வந்தது. அதில் ஒட்டியிருந்த செல்களைச் சோதித்து, பிறகு என்டோஸ்கோபியும் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "புற்றுநோய் இல்ல. ஆனா இப்படியே விட்டிருந்தா அங்கதான் போய் நின்னிருக்கும். இப்பவே சரிபண்ணிடலாம்."

சிகிச்சை முடிந்ததும் எழிலரசியைத் தேடிப் போய், என் பெயரைச் சொன்னேன்.

"ஜியாவுல்லாவா? எந்த ஜியாவுல்லா?" என்றார்.

வலது கையை நீட்டினேன்.

"நீங்க அடிச்ச கைம்மா இது."