கடைசியில் ஊற்றும் குழாய்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பேச வேண்டியதைப் பேசாமல் தப்பிக்கத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம். மண் பரிசோதனைக் கூடத்தில் என் மனைவியின் மேசை ஓரத்தில் இருக்கிறேன். வெளியே மழை. மூலையில் சூட்டுப்பெட்டி முனகிக்கொண்டிருக்கிறது. அதற்குள் அவளுடைய கண்ணாடிக் குழாய்கள், ஒரு மணி நேரம் வெதுவெதுப்பில் கிடக்க வேண்டும். மணி அடித்ததும் அவற்றை வெளியே எடுப்பாள். அந்த வேலை முடிந்த கையோடு, தூரத்து ஊரில் கிடைத்திருக்கும் வேலைக்கு வருவதாக எழுதி அனுப்பிவிடுவாள்.

என்னால் அவளைப் பிரிந்து இருக்க முடியாது. இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

2

முதல் தொடக்கம்: "மண் உறங்கிக்கொண்டிருந்தது. அதன் மடியில் ஆயிரம்" (வேண்டாம். படித்தால் சிரிப்பாள்.)

இரண்டாவது: "அவள் களிமண்ணை முகர்ந்து பார்த்தாள். அதில்" (அதில் என்ன? தெரியவில்லை.)

அவளையே கேட்டுவிட்டேன்.

"குழாய்க்குள்ள என்னதான் நடக்குது?"

"மண்ணுல நொதி, அதான் என்சைம், இருக்கும்பா. செத்த இலை, வேரு எல்லாத்தையும் உடைச்சு செடிக்குச் சாப்பாடா ஆக்குறது அதுதான். நான் ஊத்துற நிறமில்லாத தண்ணிய அது உடைச்சா மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு வேலை நடந்திருக்கு."

"எல்லா மண்ணுலயும் ஒரே மாதிரியா?"

"அதெப்படி? ஒரே நொதிதான், ஆனா நம்ம களிமண்ணு அதை இறுக்கிப் பிடிச்சுக்கும். வேலை மெதுவா நடக்கும், சீக்கிரத்துல அழியாது. வேலை கிடைச்சிருக்கிற அந்த ஊரு மண்ணு மணல். பிடிச்சு வைக்காது. நொதி இஷ்டத்துக்கு வேலை செய்யும், சட்டுனு அழிஞ்சும் போயிடும்."

3

கதைக்கு ஒரு கணவன் தேவைப்பட்டான். அவன்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. ஊரெல்லாம் பேசுவான், வேண்டிய இடத்தில் வாய்க்குப் பூட்டு. இவனைக் களிமண் என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

"களிமண்ணா? அது உன் தலைக்குள்ள இருக்கு," என்றாள்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: கூடத்தில் எல்லோரும் இவளை 'மண்ணு மேடம்' என்பார்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில் மண் பொட்டலங்களை வைப்பவள். எத்தனை தடவை கத்தியிருக்கிறேன்! ஃப்ரிட்ஜில் அந்தத் தட்டு காலியாகிவிடும் என்று நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது.)

4

மழைச் சத்தமும் பெட்டியின் முனகலும் கண்ணைச் சொக்கவைத்தன. அரைத்தூக்கத்தில் நான் ஒரு குழாய்க்குள் மிதந்தேன். எனக்கு நிறமே இல்லை. யாரோ என்னை மெல்ல மெல்ல உடைத்தார்கள், வலிக்கவில்லை. கால் விரலிலிருந்து மஞ்சளாகிக்கொண்டே வந்தேன். மஞ்சள் கழுத்தை எட்டியபோது அவள் தோளைத் தட்டினாள்.

"குறட்டை விடுற, எழுத்தாளரே."

வெட்கத்தை மறைக்கப் பெட்டியின் கண்ணாடி வழியே பார்த்தேன். ஒவ்வொரு மண் வகையிலும் ஒரு குழாய்க்கு மட்டும் சிவப்பு நாடா.

"அது என்ன?"

"கன்ட்ரோல். மத்ததோட ஒப்பிட்டுப் பாக்க வைக்கிறது. அதே மண்ணு, அதே சூடு, அதே ஒரு மணி நேரம். ஊத்த வேண்டியதை மட்டும் கடைசியில ஊத்துவேன், வேலைய நிறுத்துற மருந்தைப் போட்டப்புறம்."

"அப்ப என்ன ஆகும்?"

"நொதி ஒண்ணும் பண்ணாது." என்னையே பார்த்தாள். "எல்லாம் இருக்கும்பா. நேரம்தான் போயிருக்கும்."

5

சில முடிவுகள்.

(அ) அவள் கிளம்புகிறாள். ரயில் நகர்ந்த பிறகு கணவன் வாயைத் திறக்கிறான். அழகான முடிவு. படிக்கிறவர்கள் அழுவார்கள். சிவப்பு நாடா ஒட்டிய முடிவு.

(ஆ) மணி அடிப்பதற்குள், "போகாதே," என்கிறான். அவள் (எழுத வரவில்லை. அந்த வேலை கிடைத்த அன்று அவள் குதித்ததை நான் பார்த்தேன்.)

(இ) "நானும் வரட்டுமா?" என்கிறான். எழுதுகிறவனுக்கு ஒரு மேசை போதும். மணலில் நான் என்ன ஆவேனோ, யார் கண்டது!

6

"மணி அடிக்கப்போகுது," என்கிறாள். கையில் அந்த நிறுத்துகிற மருந்து. "கதை முடிஞ்சுதா?"

முடியவில்லை. (இ)க்கு அவள் என்ன பதில் சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. எழுதி முடித்துவிட்டுக் கேட்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் நேரம் போய்விடும். வாசகரே, பேனாவைப் பிடியுங்கள். அவள் பதிலை நீங்கள் உங்கள் இஷ்டப்படி எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அதை அவள் வாயால் கேட்க வேண்டும்.

மணி இன்னும் அடிக்கவில்லை. நான் எழுந்து