டம்ளர் வாட்ச்

அன்று மத்தியானம் தங்கையின் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: தங்கை, அவள் மகள், வாட்ச் ரிப்பேர்காரர், அண்ணன். தங்கையின் கணவர் மூன்று வருஷத்துக்கு முன்பே இறந்துவிட்டார். வந்த வேலை அவருடைய வாட்சைப் பற்றியது.

அண்ணன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். மிச்ச நேரமெல்லாம் மணியடிக்கும் பழைய கைக்கடிகாரங்களைத் தேடிச் சேர்ப்பவர். ஓரத்தில் இருக்கும் விசையைத் தள்ளினால் உள்ளே இரண்டு குட்டிச் சுத்தியல்கள் எஃகுக் கம்பிகளில் தட்டி, மணி இத்தனை, நிமிஷம் இத்தனை என்று காதுக்குச் சொல்லும். லட்சத்தில் ஒருவர் கையில்கூட இருக்காத சாமான். அவரிடம் பதினொன்று இருந்தன. அண்ணன் ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்குத் தங்கை சொல்லும் பதில்: "பதினொண்ணு பண்ணிக்கிட்டாரே, பத்தாதா?"

மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு மூச்சு முட்டிய ஒரு கிழவரை வெளியே எடுத்ததற்கு, அந்தக் கிழவர் தன் மேஜை டிராயரில் கிடந்த வாட்சை எடுத்துக் கொடுத்தார். உள்ளே மணி சொல்லும் கம்பி உடைந்திருந்தது. மாப்பிள்ளை தன் கருவிப்பெட்டியில் கிடந்த கம்பியை அறுத்து, ராவி, வளைத்து, தானே மாட்டிவிட்டார். அதற்கப்புறம் அது மணி சொன்னால், டம்ளரில் கரண்டியால் தட்டுகிற மாதிரி இருக்கும். வீட்டில் அதற்கு டம்ளர் என்றே பெயர். சர்க்கரையில் கண் போன பிறகு மனிதர் நாள் முழுக்க அதைத்தான் தட்டிக்கொண்டிருந்தார். சமையலறையில் நின்றபடியே தங்கைக்கு மாத்திரை நேரம் தெரிந்துவிடும்.

அவர் இறந்த வாரமே வாட்சும் நின்றது. ஓடவைத்து ரெண்டு நாளில் கொடு என்று அண்ணனிடம் கொடுத்தாள். அழுக்கு எடுத்து எண்ணெய் விட்டால் முடிகிற வேலைதான். ஆனால் மூடியைத் திறந்ததும் அந்தக் கம்பி அண்ணன் கண்ணில் பட்டது. பட்டுப்புடவையில் சாக்குத் துணியால் ஒட்டுப் போட்ட மாதிரி. அவருக்குப் பொறுக்கவில்லை. அதே கம்பெனியின் அதே வகை வாட்ச், செத்துப்போனது ஒன்று கிடைத்தால்கூடப் போதும், அதன் கம்பியை எடுத்து மாட்டலாம் என்று தேட ஆரம்பித்தார். மூன்று வருஷம். கடைசியில் இன்னொரு சேகரிப்பாளரிடம் தன் பதினொன்றில் சிறந்ததைக் கொடுத்து அப்படி ஒன்றை மாற்றிக்கொண்டார்; அதன் கம்பியை ரிப்பேர்காரர் எடுத்து மாட்டினார். தங்கை கேட்கும்போதெல்லாம், "இதோ, ஆச்சு" என்றார்.

அன்று அண்ணன் பெண் பார்க்க வந்தவர் போல இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். முள்ளைப் பன்னிரண்டு ஐம்பத்தொன்பதுக்கு வைத்தார். மிக நீளமாக மணி சொல்வது அப்போதுதான்.

"காது குடு" என்றார்.

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். விசையைத் தள்ளினார். மணிக்குக் கனத்த சுருதியில் பன்னிரண்டு, கால் மணிகளுக்கு இரட்டையாக மூன்று, மிச்ச நிமிஷங்களுக்கு மெல்லியதில் பதினாலு. சுத்தமான வெள்ளி ஒலி.

"மாமா, செம!" என்றாள் மகள்.

தங்கை இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"ஆச்சும்மா" என்றார் ரிப்பேர்காரர்.

"இது யாருது?" என்றாள் தங்கை.

"யாருதா? மாப்பிள்ளையோடதுதான். கம்பியை மட்டும் ஒரிஜினல் போட்டிருக்கேன். கம்பெனியிலேர்ந்து வந்தப்ப இப்படித்தான் அடிச்சிருக்கும்" என்றார் அண்ணன்.

"அவர் போட்ட கம்பி எங்க?"

அண்ணன் ரிப்பேர்காரரைப் பார்த்தார். ரிப்பேர்காரர் தரையைப் பார்த்தார். "அது வாட்ச் சாமானே இல்லம்மா. சார்தான் தூக்கிப் போடுன்னாரு."

திடீரென்று மகள் எழுந்து நின்றாள். "அம்மா, இரு! மாமா எந்த வாட்சையும் கழட்டறதுக்கு முன்னாடி சத்தத்தை ரெகார்ட் பண்ணி வச்சுக்குவாரு. இல்ல மாமா?"

உண்மைதான். அது அவர் வைத்திருந்த வழக்கம். தன் பதினொன்றில் ஒன்றைக்கூட விட்டதில்லை.

தங்கையின் முகம் மாறியது. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "போடு அண்ணா. வாட்ச் கிடக்கட்டும், அதைப் போடு. ஒரு தடவ."

அண்ணன் போனை எடுத்துத் திரையைத் தள்ளிக்கொண்டே போனார். அதில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். முதலில் மூடியைத் திறந்த அன்றைக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் வாட்ச் ஓடியது. ஒருமுறை டொக் டொக் என்று சொல்லவும் செய்தது. அவர் போனை எடுக்கவில்லை. இதையெல்லாமா பிடித்து வைப்பது என்று நினைத்தார். உடைந்த எலும்பைச் சேர்ப்பதற்கு முன் படம் எடுப்பதே அவருடைய பிழைப்பு. வேறு எதையாவது போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. டம்ளர் மாதிரி அவரிடம் எதுவும் இல்லை.

"எடுக்கல" என்றார்.

"எடுக்கலன்னா?"

"சத்தம் சரியில்லன்னு விட்டுட்டேன்."

"சரியில்லன்னு" என்று தங்கை திருப்பிச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. புதிதாக ஒரு வார்த்தை கற்றுக்கொள்கிறவள் போலச் சொன்னாள்.

"வேணும்னா சாதாக் கம்பி ஒண்ணு போட்டுத் தரேன்மா," என்றார் ரிப்பேர்காரர். "அதே மாதிரி டொக்குன்னு கேக்கும்."

"வேண்டாங்க. அப்புறம் அது உங்க டொக்கு."

வாட்சை அதன் துணியில் சுற்றி அண்ணன் கையில் வைத்தாள். "நல்லா இருக்கு. உன்னோட மத்ததுங்களோட வச்சுக்க."

"உன்னோடதுடி."

"நான் குடுத்தது இது இல்ல அண்ணா."

"திட்டவாவது செய்."

"எதுக்கு? நீ நல்லதுன்னுதானே பண்ணின." டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு மகள் உள்ளே போனாள். "மழை வர்ற மாதிரி இருக்கு, கிளம்பு" என்றாள் தங்கை.

ரிப்பேர்காரர் தப்பித்தால் போதும் என்று இரண்டு இரண்டு படியாக இறங்கிப் போய்விட்டார். அண்ணன் வாசலில் குனிந்து செருப்பை மாட்டினார். முழுச் சேகரிப்பையும் கொடுத்தாலும் அந்த ஒரு கம்பியை இனி எவனிடமும் மாற்றி வாங்க முடியாது. சந்தையில் இல்லாத சாமான் எது என்று ஆயுசு முழுக்கத் தேடியவர், அது கையில் இருந்தபோது குப்பையில் போடச் சொல்லியிருக்கிறார். தப்பு பண்ணிட்டேன் என்று சொல்ல நிமிர்ந்தார். அதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது. உள்ளேயிருந்து சாவி திரும்பியது.