எழுபத்தைந்து யூனிட் தாய்மாமன்

கணக்குப் பிசாசு என்று எனக்கு ஊரில் பெயர். பெயரைக் கெடுத்துக்கொள்ளாமல்தான் வாழ்ந்தேன். வடகிழக்குச் சீனாவில் சுய்ஹ்வா நகரத்து வீடுகளுக்குக் குழாய் வழியாகச் சூடு அனுப்பும் கம்பெனியில் முப்பது வருஷம் மீட்டர் பிரிவில் இருந்தேன். ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். மீட்டர் புத்திக்கு யார் ஓய்வு கொடுப்பது? ஹார்பினில் இருந்த ஃபிளாட்டை விற்று ஒரு மின்சாரக் கார் வாங்கினேன். அந்தப் புத்தி நேராகப் போய் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சாதாரணக் கார் இல்லை. கண்ணாடிக் கூரை, முதுகு பிடித்துவிடும் சீட்டு, கதவைத் தொட்டால் தானே திறந்து வணக்கம் சொல்லும் பவிசு. என் கெட்ட நேரம், என் தங்கை யூஃபென்னின் கணவர் லுவான் இரண்டு மாதம் முன்னால்தான் எதிர்க் கம்பெனியின் காரை வாங்கியிருந்தார். அதே விலை, அதே பவிசு. ஆனால் அதில் பேட்டரி நூற்றிருபது யூனிட். என்னுடையதில் எழுபத்தைந்து.

இதைக் கேட்டதும் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு ஷோரூம் பெண் சொன்ன ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது. பேட்டரி பெரிதா சிறிதா என்பது பெரிய விஷயமில்லை, ஒரு யூனிட்டில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதுதான் விஷயம். என் கார் நூறு கிலோமீட்டருக்குப் பதினாலு யூனிட் குடிக்கும். லுவானுடையது இருபத்திரண்டு. அப்பாடா என்றிருந்தது.

அன்றிலிருந்து எங்கள் குடும்ப அரட்டைக் குழுவில் தினமும் காலையில் என் காரின் கணக்கைப் படம் பிடித்துப் போடுவேன். கீழே, "மாப்பிள்ளையோட வண்டி இன்னிக்கு எவ்வளவு சாப்பிட்டுச்சு?" என்று ஒரு வரி. செங்கல் சூளையை முதுகில் கட்டிக்கொண்டு ஓடுகிற கார் என்றும் எழுதியிருக்கிறேன். லுவான் ஒரு கட்டைவிரல் படம் போடுவார், அவ்வளவுதான். அவர் முன்னாள் லாரி டிரைவர், இப்போது சோயா மொத்த வியாபாரம். வாயைத் திறக்கவே கூலி கேட்பார் போல இருக்கும். பதில் வராததால் நான் ஜெயித்துவிட்டேன் என்று தினமும் சந்தோஷமாகப் பல் தேய்த்தேன்.

இந்த நிலையில்தான் யூஃபென்னின் மகன் ஜியாபெய்க்குக் கல்யாணம் வந்தது. ஜியாபெய் அவளுடைய முதல் கணவருக்குப் பிறந்தவன். அவர் செத்துப்போனபோது பையனுக்கு ஐந்து வயது. இரண்டு வருஷம் கழித்து யூஃபென் லுவானைக் கட்டிக்கொண்டாள். எங்கள் ஊரில் முதல் கல்யாணம் என்றால் பகல் பன்னிரண்டுக்குள் பெண் வந்து இறங்கிவிட வேண்டும். மதியத்துக்கு மேல் நடந்தால் அது மறுகல்யாணம். யூஃபென்னுடையது மதியம் இரண்டு மணிக்கு, இரண்டே மேஜை விருந்து. ஜியாபெய் என் மடியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.

ஆகவே, பத்து நாள் முன்னால் வீட்டில் உட்கார்ந்து பேசியபோது அவள் ஒன்றைத்தான் கேட்டாள்.

"எந்த வண்டி போனாலும் சரி, யார் ஓட்டுனாலும் சரி. என் மருமக பன்னெண்டுக்குள்ள வாசப்படி மிதிக்கணும். தாமதமாச்சுன்னா ஊரு வாய்க்கு அது ஒண்ணு போதும். நான் பட்டது போதும்ணா."

சொல்லிவிட்டு லுவானைப் பார்த்தாள். லுவான் தேநீரைப் பார்த்தார். இதை நான் கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கவனித்தேன். ஊர்வலத்தின் தலைவண்டியை, மணமக்கள் உட்கார்ந்து வரும் வண்டியை, யார் ஓட்டுவது என்ற பேச்சு எழுவதற்குள் நான் தொண்டையைச் செருமிவிட்டேன். தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது வேறு யார் என்று கேட்டேன். நோட்டை விரித்தேன். பெண் வீடு தியெலியில், நூற்றுப்பத்து கிலோமீட்டர். போக, வர இருநூற்றிருபது. மைனஸ் இருபத்திநாலு டிகிரிக் குளிருக்கென்று தாராளமாகக் கூட்டி ஐம்பத்துமூன்று யூனிட். இருபத்திரண்டு மிச்சம். "சூளை எதுக்கு?" என்று லுவானைப் பார்த்துச் சிரித்தேன். அவர் தலையாட்டினார். தன் கார் கடைசியில் வரட்டும் என்றார்.

ஆறு கார்கள். இரட்டைப்படையில்தான் போக வேண்டும். மற்ற நாலும் பையனின் நண்பர்களுடைய பெட்ரோல் கார்கள். என் காருக்கு முன்னால் பூ, சிவப்புப் பட்டுத்துணி, இரண்டு பொம்மைகள். எல்லாருக்கும் கையில் ஒரு வாக்கி டாக்கி. நல்லபடியாகத் தியெலி போய்ச் சேர்ந்தோம். பெண்ணின் தோழிகள் கதவை அடைத்துக்கொண்டு, ஒளித்துவைத்த செருப்பை ஜியாபெய் தேடி, அழுது, சிரித்து, கொழுக்கட்டை சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரை காரைச் சூடாகவே வைத்திருந்தேன். பெண்ணின் அப்பா பக்கத்துத் தெருவில் சார்ஜ் போடும் இடம் இருக்கிறது, கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள் சம்பந்தி என்றார். என் வாய்க்கொழுப்பைக் கேளுங்கள். "அதெல்லாம் பெரிய பேட்டரிக்காரங்களுக்கு" என்றேன். லுவான் தன் காரை எடுத்துப் போய் ஏற்றிக்கொண்டு வந்தார்.

மணப்பெண் ஷியாவ்தோங் வந்து ஏறினாள். புகுந்த வீட்டு வாசல் வரை கால் தரையில் படக்கூடாது என்பதால் ஜியாபெய் தூக்கிக்கொண்டு வந்தான். வெள்ளைக் கவுன், தோள் பூராவும் வெளியே. பட்டாசு வெடித்தது. நான் கம்பீரமாகக் காரைக் கிளப்பி, வந்த வழியே இடப்பக்கம் திருப்பினேன்.

வாக்கி டாக்கியில் லுவானின் குரல். "மச்சான், வலது பக்கம். வந்த வழியில திரும்பக் கூடாதுல்ல."

என் மூஞ்சியில் ஈயாடவில்லை. ஊரில் எத்தனை கல்யாண ஊர்வலத்தில் இதையே நான் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். பெண்ணை அழைத்துவரும்போது போன பாதையில் திரும்பினால் அவள் வாழாமல் பிறந்த வீட்டுக்கே திரும்பிவிடுவாள் என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். என் நோட்டுக்குத் தெரியவில்லை. மலையடிவாரத்துப் பழைய சாலை நூற்றைம்பது கிலோமீட்டர். ஆமாம் ஆமாம், சும்மா வளைத்துத் திருப்பினேன் என்று சொல்லி வலப்பக்கம் போனேன்.

முதல் ஒரு மணி நேரம் கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டினேன். எந்தப் பக்கம் போட்டாலும் இருபது கிலோமீட்டர் துண்டு விழுந்தது. வேகத்தைக் குறைத்தேன். எழுபது, அறுபது, ஐம்பது. தலைவண்டியை யாரும் முந்தக் கூடாது என்பது இன்னொரு சம்பிரதாயம். ஆகவே எனக்குப் பின்னால் ஐந்து கார்கள் இழவு ஊர்வலம் மாதிரி ஊர்ந்து வந்தன. ஒரு மாட்டு வண்டி மட்டும் எதிரே வந்ததால் எங்களை முந்தவில்லை.

பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. யாருக்கும் தெரியாமல் ஹீட்டரை ஒவ்வொரு டிகிரியாகக் குறைத்து அணைத்துவிட்டேன். ஊருக்கே சூடு அனுப்பியவன் நான். கண்ணாடியில் மூச்சு படர்ந்து உறைந்தது. ஜியாபெய் தன் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினான். பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தேன். உதட்டுச் சாயத்துக்குக் கீழே அந்தப் பெண்ணின் உதடு நீலமாயிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் சிரித்தாள்.

"மாமா, உங்க வண்டி ரொம்பச் சிக்கனம்னு இவர் சொல்லிட்டே இருப்பார்" என்றாள். பல் தந்தியடித்தது அவளுக்கு.

அவள் குத்திப் பேசவில்லை. அதுதான் குத்தியது. திரையில் இன்னும் பதினெட்டு கிலோமீட்டர் ஓடும் என்று இருந்தது. வீட்டுக்கு இருபத்தாறு. மணி பத்து ஐம்பத்தெட்டு. இந்த வேகத்தில் போனால் நடுவழியில் நின்று, சார்ஜ் வண்டியைக் கூப்பிட்டு, யூஃபென் வாசலில் நின்று மணியைப் பார்த்துப் பார்த்து… வாக்கி டாக்கியை எடுத்தேன். எல்லா வண்டியிலும் கேட்கும் என்று தெரியும்.

"மாப்பிள்ளை, எனக்குப் பத்தாது. நீங்க முன்னாடி வாங்க."

லுவான், "சரி மச்சான், ஓரமா நிறுத்துங்க" என்றார். ஏதோ உப்பை எடுத்துக் கொடுக்கச் சொன்ன மாதிரி.

அவருடைய கார் வந்து என் காரை ஒட்டி நின்றது. ஜியாபெய் அவளைத் தூக்கி அந்தக் காருக்குள் விட்டான், கால் பனியில் படவில்லை. அங்கிருந்து வந்த சூடு என் முகத்தில் அடித்தது. சுகமாக இருந்தது என்று சொன்னால் பொய், எரிச்சலாக இருந்தது. லுவான் என் காரின் பொம்மைகளையும் சிவப்புப் பட்டுத்துணியையும் எடுத்துத் தன் காரில் மாட்டினார். நான் இங்கேயே நிற்கிறேன், நீங்கள் போங்கள் என்றேன்.

"ஆறா கெளம்புனோம். அஞ்சா போய் நின்னா என் பொண்டாட்டி மனசு கஷ்டப்படும். என் வண்டி முதுகோட ஒட்டி வாங்க, காத்து அடிக்காது. எங்க நிக்குதோ அங்க பாத்துக்கலாம்."

அப்படியே போனேன். ஹீட்டர் இல்லை, என் கோட்டும் ஜியாபெய்யுடன் போயிருந்தது. அவனுடைய கோட்டு பெண்ணிடம் இருந்ததே, தாய்மாமன் மரியாதைக்கு நான் அதையாவது கொடுத்தேன். இருபது கிலோமீட்டர் சூளையின் முதுகையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். சூளை காற்றை மறித்து என்னை இழுத்துக்கொண்டு போனது. அன்றைக்குப் போல் குறைவாக என் கார் எந்த நாளும் குடித்ததில்லை. அந்த நிலையிலும் அந்த எண்ணைப் பார்த்துக் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்றால் நான் எப்பேர்ப்பட்ட ஜென்மம் என்று புரியும்.

ஊர் எல்லைப் பாலத்தில் கார் செத்தது. மணி பதினொன்றரை. லுவான் பின்னால் வந்து கயிற்றை எடுத்தார். லாரிக்காரர் டிக்கியில் கயிறு இல்லாமல் இருக்குமா? கட்டி முடித்தவர் ஒரு நிமிஷம் நின்று யோசித்தார். தன் கார் மூக்கில் இருந்த சிவப்புப் பட்டுத்துணியை அவிழ்த்து அந்தக் கயிற்றின் மேல் சுற்றினார். நான் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்க வாய் அசையவில்லை, உறைந்திருந்தது.

பதினொன்று ஐம்பத்துமூன்றுக்கு வாசலில் நின்றோம். வெடிச் சத்தத்தில் காது அடைத்தது. ஜியாபெய் ஷியாவ்தோங்கைத் தூக்கிக்கொண்டு படியேறினான். அவளுடைய சிவப்புச் செருப்பு வாசற்படியை மிதித்தபோது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் பாக்கி. யூஃபென் அதைப் பார்த்தாள். அப்புறம் தெருவைப் பார்த்தாள். கயிறு கட்டிய இரண்டு கார். ஊர் ஜனமும் பார்த்தது. யாரோ கேட்டும்விட்டார்கள், இதென்ன கயிறு என்று.

நான் மானம்போகத் தயாராகக் கதவைத் திறந்தேன். அதற்குள் லுவான் பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"மச்சான் ஏற்பாடு. ஊருக்குள்ள வரும்போது பையன நீதான் கூட்டிட்டு வரணும், நீதான் வளத்தவன்னு சொல்லி முன்னாடி போகச் சொல்லிட்டார். ரெண்டு வீடும் ஒண்ணா வரணும்னு அவர் வண்டியப் பின்னாடி கட்டிக்கிட்டார்."

கூட்டம் ஓவென்றது. கை தட்டினார்கள். யாரோ என் முதுகில் அறைந்தார்கள். நான் வாயைத் திறந்தேன், பேட்டரி என்று சொல்வதற்காகத்தான் திறந்தேன். லுவான் என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். வேண்டாம் என்று.

யூஃபென் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"பத்து நாளா இதக் கேக்கணும்னு நெனச்சேண்ணா. அவரு ஒரு தடவ அவனுக்கு முன்னாடி ஓட்டட்டும்னு. இருபது வருஷமா வளத்தாரு, எங்கயும் முன்னால வந்து நின்னதில்ல. தாய்மாமன் நீ கோவிச்சுக்குவியோன்னு பயந்து கேக்கல. நீயாவே செஞ்சிட்ட." அழுதாள். அப்புறம் என் கையைத் தேய்த்துவிட்டாள். "ஏன்ணா இப்படிச் சில்லுன்னு இருக்கு? கண்ணுல வேற தண்ணி."

ஒரு புள்ளிக் கணக்குக்கு ஊரையே சண்டைக்கு இழுப்பவன் நான். அன்றைக்குத் திருத்தவில்லை.

"குளிரும்மா" என்றேன். "வேறொண்ணுமில்ல."