நடுச்சட்டி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். குப்பம்மா கத்தினால் ஏரிக்கு அந்தப் பக்கம் காக்காய் பறக்கும் என்று குப்பத்தில் கேலி பேசுவார்கள். பேசட்டுமே! புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது, வயிற்றிலும் ஒன்றும் தங்கவில்லை. வீட்டுக்குப் போனால் பேச ஆள் கிடையாது. அத்தனை பேச்சையும் கிடங்கில்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்கார டச்சுத் துரைகளின் கொடி பறந்த காலம். அவர்கள் கப்பலுக்கு உப்பு மீன் போடும் கிடங்கு அது. கொடுவா மீனை அறுத்து, குடலெடுத்து, உப்படைத்துப் பீப்பாயில் அடுக்குவது எங்கள் வேலை. ஏரியில் விழுகிற பெரிய கொடுவா எல்லாம் கிடங்குக்குத்தான் வரவேண்டும். மறைத்தால் குத்தகை எடுத்த முதலாளி வலையையே பிடுங்கிக்கொள்வார். ஆனால் அறுத்த தலை, அறுத்தவளுக்கு. எங்கள் அம்மாக்கள் காலத்திலிருந்து அப்படித்தான்.

மத்தியானம் வட்டமாக உட்காருவோம். நடுவில் ஒரு பெரிய சட்டி. அவளவள் கொண்டுவந்த குழம்பை அதில் ஊற்றிவிடுவோம். எல்லாம் கலந்து ஒரு தினுசாக ருசிக்கும். கூழுக்கு அதுதான் தொட்டுக்கொள்ள. காலையில் மயிரைப் பிடித்துச் சண்டை போட்டவளுகள்கூட நடுச்சட்டியில் கைவைத்துவிட்டால் சண்டை தீர்ந்தது என்று அர்த்தம். ருக்கு என் பக்கத்தில்தான் உட்காருவாள். தலைக்குழம்பு என்றால் அவளுக்கு உயிர். கொடுவாக் கண்ணை உறிஞ்சிக்கொண்டே, அக்கா அக்கா என்று ஊர்க்கதை எல்லாம் சொல்வாள். அதைக் கேட்டுவிட்டுப் போனால் ராத்திரி எனக்குத் தூக்கம் வரும்.

பெரியசாமி மேஸ்திரியாக வந்தான், எல்லாம் போயிற்று. பேச்சில் தேன் ஒழுகும், படுபாவி. தலை இனிமேல் முதலாளியின் பன்றிகளுக்கு என்றான். வேலை நேரத்தில் பேசக்கூடாது என்றான். பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு முக்காலியைக் காட்டினான்.

“குப்பம்மா, இங்க உனக்குத்தான் குரல் கீது. இனிமே நீதான் கங்காணி. இதுல குந்திக்கினு எல்லாரையும் பாத்துக்கோ.”

“நான் யாரையும் காட்டிக் குடுக்க மாட்டேன், மேஸ்திரி.”

“யாரு காட்டிக் குடுக்கச் சொன்னது? சும்மா குந்து, போதும்.”

சும்மா உட்காருவதில் என்ன வந்துவிடும் என்று உட்கார்ந்தேன். முழங்கால் வலி வேறு. ருக்கு மீன்தலையை மடியில் செருகும்போது நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கங்காணி மற்றவர்களோடு சாப்பிடக்கூடாது என்று பெரியசாமி சொன்ன பிறகு, கூழைத் தனியாக உட்கார்ந்து குடித்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் அவன் ருக்குவை வாசலில் நிறுத்தினான். நேராக மடியைக் காட்டி, “எடு” என்றான். கொடுவாத் தலை கீழே விழுந்தது. அதைக் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் மாட்டி, உப்பு மேட்டின்மேல் நிற்கவைத்தான். ஈ மொய்த்தது. அப்புறம் எல்லோர் காதிலும் விழும்படி என்னைப் பார்த்துச் சொன்னான்.

“சபாஷ் குப்பம்மா, நல்லா கண்ணு வெச்சிருக்கே.”

அடப்பாவி! நான் வாயே திறக்கவில்லையே! “நான் இன்னாடா சொன்னேன் உங்கிட்ட?” என்று கத்தினேன். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். பெண்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் தனியாகக் கூழ் குடிக்கப் பிடிக்காமல் கிடங்கைச் சுற்றி நடந்தேன். பெண்கள் சாப்பிடும் இடத்துக்குப் பின்னால் ஓலைத்தட்டி உண்டு. தட்டிக்கு இந்தப் பக்கம் பெரியசாமி பாய் விரித்து, காதைத் தட்டியில் ஒட்டவைத்துக்கொண்டு படுத்திருந்தான். அங்கே பேசுவதெல்லாம் இப்படித்தான் அவனுக்குப் போயிருக்கிறது. அன்று மாலையே ருக்கு வீட்டுக்கு ஓடினேன்.

“ருக்கு, அவன் தட்டிக்குப் பின்னால படுத்துக்கினு ஒட்டுக் கேக்கறான்டீ. என் கண்ணால பாத்தேன்.”

வலையை உதறிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. “சரிங்க, கங்காணிம்மா” என்றாள்.

அக்கா போய் அம்மா வந்துவிட்டது. அதற்கு அவள் என்னைத் துடைப்பத்தால் அடித்திருக்கலாம். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.

மறுநாள் காலை அந்த முக்காலியைத் தூக்கிப் பெரியசாமி முன்னால் போட்டேன். “எனக்கு இது வேணாம். நான் கத்தியே புடிக்கறேன்.” அவன் கோபிக்கக்கூட இல்லை. “உன் இஷ்டம்” என்றான்.

பக்கத்துக் குப்பத்தில் இருக்கும் என் தம்பி நீலமேகத்திடம் போய் ஒரு கொடுவா கேட்டேன்.

“பைத்தியமாக்கா உனக்கு? தெரிஞ்சா என் வலை பூடும்.”

“ருக்கு எங்கூடப் பேசணும்டா” என்றேன். அவன் ஈர வலைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். புளி கரைத்து ஊற்றி, தலையை உடைக்காமல் குழம்பு வைத்தேன்.

மத்தியானம் வட்டத்தில் யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. நானே இடித்துக்கொண்டு உட்கார்ந்து, நடுச்சட்டியில் என் குழம்பை ஊற்றினேன். கொடுவாத் தலை மேலே வந்து மிதந்தது. ருக்கு அதைப் பார்த்தாள்.

“எங்களுக்கு இல்லாத தல உங்களுக்கு மட்டும் எப்டி வந்துச்சு, கங்காணிம்மா? யாரு குடுத்தது?”

தட்டியைச் சுற்றிக்கொண்டு பெரியசாமி வந்து நின்றான். சட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எங்கிருந்து வந்திருக்கும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

“நான்தான் குடுத்தேன்” என்றான். “இன்னா குப்பம்மா, இல்லையா?”

இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி நீலமேகத்தின் வலையில் போய் முடியும். அவனுக்குக் கைக்குழந்தை வேறு. காக்காயை விரட்டும் இதே வாயால் “ஆமா” என்றேன்.

பெரியசாமி போய்விட்டான். ருக்கு உப்புக் குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் கடித்துக்கொண்டு கூழைக் குடித்தாள். மற்றவர்களும் உப்பில்தான் கைநீட்டினார்கள். அவர்கள் குழம்பும் அந்தச் சட்டிக்குள்தான் இருந்தது. என்னுடையது கலந்துவிட்டதால் ஒருத்தியும் தொடவில்லை.

நான் கொடுவாக் கண்ணைத் தோண்டி எடுத்து ருக்குவிடம் நீட்டினேன். “உனக்குப் புடிக்குமேடீ” என்றேன். அவள் எழுந்து கைகழுவப் போனாள். ஒவ்வொருத்தியாக எல்லோரும் எழுந்து போனார்கள். கண்ணை நானே வாயில் போட்டுக்கொண்டேன். குழம்பு நன்றாகத்தான் வந்திருந்தது.