சைகாலுக்குக் காய்ச்சல்

எட்டாம் வகுப்பில் மொத்தம் இருபத்து மூன்று பிள்ளைகள். மாவட்டக் கமிஷன் வருகிற நாளில் இருபத்திரண்டு பேர் போதும் என்று ஆங்கில ஆசிரியை ஜீபெக் முடிவு செய்திருந்தாள்.

அந்தப் பள்ளியில் யாரைக் கேட்டாலும் அதில் தப்பில்லை என்றுதான் சொல்வார்கள். நாரின் நகரத்துப் பக்கத்து மலையூர்களில் திறந்த வகுப்பு நடக்கிற லட்சணம் அப்படி. மேலிடத்து ஆட்கள் வந்து பின்வரிசையில் உட்காருவார்கள். அன்றைக்கு நடப்பது பாடம் இல்லை, இரண்டு வாரம் ஒத்திகை பார்த்த நாடகம். விடை தெரிந்த பிள்ளை வலது கையைத் தூக்கும், தெரியாத பிள்ளை இடது கையைத் தூக்கும். பார்க்கிறவர்களுக்கு வகுப்பே அறிவுக் கடலாகத் தெரியும். மக்குப் பிள்ளை என்று பெயர் வாங்கியதற்கு அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல் வந்துவிடும். வந்து பார்க்கிறவர்களும் ஒரு காலத்தில் இதே நாடகம் போட்டு மேலே போனவர்கள்தான். எல்லாருக்கும் எல்லாம் தெரியும். ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

ஜீபெக்குக்கு இந்த நாடகம் தேவைப்பட்டது. பன்னிரண்டு வருடம் பாடம் சொல்லிக்கொடுத்தும் உயர்நிலை ஆசிரியை என்ற தகுதி இன்னும் கைக்கு வரவில்லை. இரண்டு குளிர்காலத்துக்கு முன் கடும் பனியில் பள்ளியை மூடியபோது, பிள்ளைகளின் கைப்பேசிக்கே ஆங்கிலத்தை அனுப்பியவள் அவள். படத்தைப் பார்த்துச் சொல் எழுதுவது, கேட்டுவிட்டுப் பதில் தட்டுவது, வண்ணக் கட்டங்களை அழுத்தும் வினாடி வினா என்று விதவிதமாகச் செய்தாள். பேர் மாவட்டம் வரை பரவி, அந்த ஆன்லைன் வகுப்பைப் பார்க்கத்தான் கமிஷனே வருகிறது. இதில் சறுக்கினால் இன்னும் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும்.

கமிஷன் வருவதற்கு முதல் நாள் மதியம் துணைத் தலைமை ஆசிரியை கான்ஷாயிம் அவளை வராந்தாவில் மடக்கினாள்.

"ஏன்டி ஜீபெக், அந்த ஆட்டுக்காரர் பொண்ணை என்ன பண்ணப் போற? அது பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பெல் அடிச்சிடுமே!"

"சொல்லிடறேன் அக்கா."

"எதையாவது சொல்லி வீட்டோட நிறுத்து. கமிஷனம்மா ஏதாவது கேட்டு, அது வாயைத் திறந்துச்சு, உன் கதை கந்தல்!"

ஆட்டுக்காரர் மகள் சைகாலுக்குத் திக்குவாய். வகுப்பில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் ஜீபெக் அனுப்பும் ஆன்லைன் விளையாட்டுகளில் எப்போதும் முதல் பெயர் அவளுடையதுதான். தலைநகர் பிஷ்கெக்கில் படிக்கிற அக்காக்காரி செய்துகொடுக்கிறாள் என்று ஜீபெக் தானாக நினைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. ஒத்திகை நடந்த இரண்டு வாரமும் அந்தப் பெண்ணை நூலகத்தில் புத்தகம் அடுக்க அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கும் அவள் அங்கேதான் இருந்தாள். ஜீபெக் போய் நின்று, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் ஒரு புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினாள்.

"சைகால், நாளைக்கு வீட்ல வேலை நிறைய இருக்குமில்ல? ஆடு குட்டி போடற நேரம்..."

பிள்ளைக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "கா... கா... காய்ச்சல்னு சொல்லட்டுமா அக்கா? க... கணக்கு டீச்சரக்காவோட திறந்த வகுப்புக்கும் அ... அப்படித்தான் சொன்னேன்."

ஜீபெக்குக்கு முகம் சுட்டது. அந்தச் சூட்டோடு அவள் தோளைத் தட்டி, "கெட்டிக்காரி!" என்றாள். அந்த ஒரு சொல்லை அப்புறம் எத்தனை முறை நாக்கைக் கடித்துக்கொண்டு நினைத்தாளோ, அவளுக்குத்தான் தெரியும்.

மறுநாள் கமிஷன் மூன்று பேராக வந்தது. தலைவி ராக்கியா பருத்த உடம்புக்காரி, கூர்மையான கண், மாவட்டத்தில் அவள் பேரைச் சொன்னாலே ஆசிரியைகள் சால்வையைச் சரிசெய்துகொள்வார்கள். ஆசிரியர் அறையில் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் துண்டுகளும் ஆட்டு ஈரல் வறுவலும் மூடி வைத்திருந்தன. வகுப்பில் எல்லாப் பிள்ளைகள் கையிலும் கைப்பேசி, பாதி இரவல் வாங்கியவை.

வினாடி வினாதான் உச்சக்கட்டம். பிள்ளைகள் கேள்விகளைப் படிக்கவே தேவையில்லாமல் ஜீபெக் ஏற்பாடு செய்திருந்தாள். முதல் கேள்விக்குச் சிவப்பு, இரண்டாவதுக்கு நீலம், மூன்றாவதுக்கும் நீலம், நாலாவதுக்கு மஞ்சள். பதினைந்து வண்ணத்தையும் பிள்ளைகள் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்திருந்தார்கள். விளையாட்டுக்குள் நுழையும் எண்ணை ஜீபெக் வழக்கம்போல் வகுப்புக் குழுவில் போட்டாள். பழகிய கை. அந்தக் குழுவில் இருபத்து மூன்று பேர் இருக்கிறார்கள் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

தொடங்கும் நேரம் பார்த்து இணையம் போய்விட்டது. மலையில் காற்றடித்தால் அது இப்படித்தான் காலை வாரும். திரும்ப வந்ததும் அவசரமாக விளையாட்டை மறுபடி திறந்தாள். அப்படித் திறந்தால் தளம் விடைகளை இடம் மாற்றிவிடும் என்பதை யார் கண்டார்கள்? ஒத்திகையில் ஒருநாளும் இணையம் போனதில்லை.

பிள்ளைகள் மளமளவென்று சிவப்பு, நீலம், நீலம், மஞ்சள் என்று அழுத்தினார்கள். ஒருவரும் தடுமாறவில்லை. எல்லாரும் ஒரே வண்ணம், எல்லாரும் தப்பு. "அக்கா, நீலம்தானே சொன்னீங்க?" என்று தாலய் என்ற பையன் சத்தமாகவே கேட்டுவிட்டான். பின்வரிசையில் பேனா எழுதுகிற சத்தம் நின்றது.

பெரிய திரையில் பட்டியல் வந்தது. இருபத்திரண்டு பெயரும் அடியில் குப்பையாகக் கிடந்தன. உச்சியில் ஒரே ஒரு பெயர், பதினைந்துக்குப் பதினைந்து: சைகால்.

"பேஷ்!" என்றாள் ராக்கியா. "யாரும்மா சைகால்? எழுந்திரு பார்க்கலாம்."

யாரும் எழவில்லை. கான்ஷாயிம் கதவோரம் நின்று உதட்டைக் கடித்தாள்.

"அவளுக்குக் காய்ச்சல்மா," என்றாள் ஜீபெக். பொய் வெண்ணெய் மாதிரி வழுக்கி வந்தது. "வீட்லேருந்தே விளையாடியிருக்கா போல."

"காய்ச்சலோட படுத்துக்கிட்டா? இதைத்தானே நாங்க பார்க்க வந்தோம்! வீடியோ கால்ல கூப்பிடு, நலம் விசாரிப்போம்."

மறுக்க முடியுமா? ஜீபெக் கூப்பிட்டாள். முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் பிள்ளை எடுத்துவிட்டது. தொலைக்காட்சி அளவுத் திரையில் சைகாலின் முகம் விரிந்தது. கம்பளித் தொப்பி, குளிரில் சிவந்த கன்னம், பின்னால் ஆட்டுக் கொட்டடி. வைக்கோல் அள்ளும் கவட்டைக் கம்பு ஒரு கையில் இருந்தது.

ராக்கியா ஆங்கிலத்தில் கேட்டாள்: ஏன் பள்ளிக்கு வரவில்லை?

சைகால் கம்பைக் கீழே வைத்தாள். பள்ளி மேடையில் ஏறுகிறவள்போல் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். ஆங்கிலத்திலேயே தொடங்கினாள். முதல் சொல்லிலேயே மாட்டிக்கொண்டாள். 'எனக்கு' என்ற அந்தச் சின்னச் சொல் ஐந்து தடவை, ஆறு தடவை முட்டி மோதியது. யாரோ சிரித்தார்கள். அப்புறம் அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, ஒவ்வொரு சொல்லாக அவள் இழுத்து வெளியே போட்டாள். எனக்குக் காய்ச்சல். எங்கள் வகுப்புக்கு வர முடியாததற்கு வருந்துகிறேன். எங்கள் ஆசிரியை மிகவும்...

தனக்காக ஒரு குழந்தை இப்படிப் பொய் சொல்லித் திணறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட, தரை பிளந்து உள்ளே போயிருந்தால் ஜீபெக்குக்கு நிம்மதியாக இருந்திருக்கும். 

"போதும் சைகால்!" என்று கத்தினாள். "சொல்லாதேம்மா. நீ எதுவும் சொல்ல வேண்டாம்." பின்வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். "அவளுக்குக் காய்ச்சல் இல்லை. திக்குவாய்னு நான்தான் வர வேண்டாம்னு சொன்னேன். இந்தப் பிள்ளைங்களுக்கு வண்ணத்தை மனப்பாடம் பண்ணிக் கொடுத்ததும் நான்தான்."

இப்போது இடி விழும், விழட்டும் என்று ஜீபெக் நின்றாள். விழுந்திருந்தால் அவளுக்கு நல்லது.

ராக்கியா மெதுவாகக் குறிப்பேட்டை மூடினாள். கூட வந்த இருவரும் தங்கள் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளைக்குக் காய்ச்சல்தான்," என்றாள் ராக்கியா. "கன்னத்தைப் பாருங்க, எப்படிச் செவந்து கெடக்கு. வாங்க, டீ ஆறிடும்."

அவ்வளவுதான். கான்ஷாயிம் ஓடிப்போய்ப் போர்சோக்கைத் திறந்து வைத்தாள். யாரும் ஜீபெக்கைத் திட்டவில்லை. ஈரல் வறுவலை எல்லோரும் ரசித்துச் சாப்பிட்டார்கள். அறிக்கையில் வந்தவர் இருபத்திரண்டு, வராதவர் ஒன்று, காரணம் உடல்நலக் குறைவு என்று எழுதினார்கள். நோயாளி மாணவியையும் சேர்த்துக்கொள்ளும் சிறந்த இணையவழிப் பயிற்சி என்று ஒரு வரியும் சேர்த்தார்கள். உயர்நிலைத் தகுதிக்கு அங்கேயே கையெழுத்தாகிவிட்டது. ஜீபெக் அந்தத் தாளை வாங்கினாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவள் வகுப்பறைக்கு முன்னால் வந்தபோது சைகால் கதவருகே நின்றிருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள் ஜீபெக். வாயைத் திறப்பதற்குள் பிள்ளை முந்திக்கொண்டது.

"அக்கா, ம... மன்னிச்சிடுங்க. நீங்க கு... குரூப்ல நம்பர் போட்டீங்க. எனக்கும்தான்னு நெ... நெனச்சிட்டேன்."

"சைகால்..."

"நான் ச... சரியாச் சொல்லலைதானே? அ... அதான் நீங்க நிறுத்திட்டீங்க." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ய... யாராவது கேட்டா சொல்லணுமேன்னு முந்தா நாள் சாயங்காலம் பூரா ஆ... ஆட்டுங்க முன்னாடி நின்னு பழகினேன் அக்கா. மூணு வாக்கியத்தையும். ஒரு த... தடவை திக்காமகூடச் சொல்லிட்டேன்."

வகுப்பு முழுவதற்கும் ஒத்திகை பார்த்தவள் ஜீபெக். இந்த ஒருத்தி மட்டும் தன் பங்கைத் தானே எழுதி, தானே ஒத்திகை பார்த்திருக்கிறாள். அதுவும் எந்தப் பங்கை! ஜீபெக்குக்கு வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த சொற்களில் ஒன்றுகூட வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

சைகால் பொறுமையாகக் காத்திருந்தாள். சொல் வராமல் நிற்பவர்களை அவசரப்படுத்தக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் அவளே பரிதாபப்பட்டுச் சொன்னாள்.

"அடுத்த த... தடவை இன்னும் நல்லாச் சொல்லிடறேன் அக்கா."