கண் மருந்துக்கு ஓர் ஆங்கில வாக்கியம்

கூட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருபது நிமிடம் இருந்தது. மறுநாள் காலை இருபதாயிரம் புட்டி கண் மருந்து லாரி ஏறும். நிறுத்தி வையுங்கள் என்று நான் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். தலைமை அலுவலகத்துக்கு வேறு மொழி புரியாது.

முதல் சோதனையில், ஆய்வகத்தில் நான் மருந்து விட்டு வைத்த தட்டுகளில் கிருமி வளர்ந்திருந்தது. மறுசோதனை அறிக்கையில் சைபர். மறுசோதனையே போதும் என்றார் மேனேஜர்.

'ஐ டிஸ்அக்ரீ' என்று அடித்தேன். அறைவது போல் இருந்தது. அழித்தேன்.

"அப்படிப் போட்டா உனக்குத் திமிருன்னு நினைப்பாங்க" என்றாள் பக்கத்து மேசை அக்கா. "முதல்ல நன்றி சொல்லு. அப்புறம் மேனேஜர் சொல்றது சரின்னு சொல்லு. அப்புறம் இல்லைன்னு சொல்லு."

"சரின்னுட்டு எப்படிக்கா இல்லைன்றது?"

"அதுக்குத்தாண்டி இங்கிலீஷு! எங்க வீட்டுக்காரர்கிட்ட பதினோரு வருஷமா தமிழ்ல சண்டை போடுறேன், ஒண்ணுலகூட ஜெயிக்கல."

நன்றி சொன்னேன். 'ஐ மே பீ ராங், பட்' என்று தொடங்கி, நிறுத்தி வைப்பது நல்லதாக இருக்கலாமோ என்று முடித்து, தலைமை அலுவலகத்துக்கும் மேனேஜருக்கும் அனுப்பினேன்.

எட்டு நிமிடத்தில் மேனேஜரின் பதில் எல்லோருக்கும் போனது. முதல் சோதனையில் தன் தவறு இருக்கலாம் என்று சோதித்தவரே ஒப்புக்கொண்டுவிட்டார், அவருடைய நேர்மைக்குப் பாராட்டு.

அக்கா படித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கூட்ட அறையில் எனக்குக் கிடைத்தது சுவரோர நாற்காலி. வெளியே போக வேண்டுமென்றால் நான்கு பேர் எழுந்து வழிவிட வேண்டும். மேசை நடுவே ஸ்பீக்கர். அதிலிருந்து தலைமை அலுவலகத்தின் குரல், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்றது.

"வித் டியூ ரெஸ்பெக்ட்..." என்று ஆரம்பித்தேன்.

"ஷீ ஈஸ் வெரி ஷை" என்றார் மேனேஜர். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்பீக்கரும் சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் குரல் கேட்டது: மறுசோதனையை ஏன் நம்ப மறுக்கிறீர்கள்?

ஹவெவர், பெர்ஹாப்ஸ், ஐ ஃபீல். மனப்பாடம் செய்த எதுவும் இதற்குப் பதிலாகாது. பதில் இரண்டு நாளாகத் தொண்டையிலேயே இருந்தது. சொன்னால் மருந்து நிற்கும். என் வேலையும் போகும்.

மேனேஜர் என் பக்கம் குனிந்தார். "என்னம்மா, வார்த்தை வரலையா? தமிழ்லயே சொல்லு, நான் எடுத்துச் சொல்றேன்."

"வேணாம் சார்."

ஸ்பீக்கரைப் பார்த்துச் சொன்னேன். "தேர் வாஸ் நோ செகண்ட் டெஸ்ட். ஹி டோல்ட் மீ டு ரைட் ஸீரோ. ஐ சைன்ட்."