கண்ணாடி அறையில் ஒரு மன்னிப்பு

பேசும் படம் வந்து எத்தனையோ காலம் ஆகியும், அந்தப் படக் கம்பெனியில் ஊமைப்பட காலத்து விதி ஒன்றை மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை. ரத்து செய்யக் கோரும் மனுவை வாய் திறக்காமல் நடித்துக் காட்ட வேண்டும் என்று அந்த விதியிலேயே இருந்தது. இரண்டு பேர் முயன்று பார்த்தார்கள். ஒருவருக்கு விடுப்பு கிடைத்தது, இன்னொருவருக்குப் புது மேஜை கிடைத்தது.

விதி இதுதான். எழுதிய காட்சியைச் சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் நடித்துக் காட்ட வேண்டும். கதை தெரியாத கம்பெனி ஆள் ஒருவர் வெளியே உட்கார்ந்து, கண்ணில் பட்டதைச் சொல்வார். குமாஸ்தா எழுதிக்கொள்வார். அவர் எழுதியதுதான் படமாகும். எழுத்தாளர் எழுதியது அலமாரிக்குப் போகும். ஒருமுறை நீதிபதி தீர்ப்பு வாசிக்கும் காட்சியைப் பார்த்த தச்சர், "இந்த ஆளுக்குப் பல்வலி" என்றார். மொத்தப் படமும் பல் வைத்தியரின் அறையில் எடுக்கப்பட்டு நூறு நாள் ஓடியது. அதற்கப்புறம் கம்பெனியில் யாரும் மூச்சு விடவில்லை.

அன்றைக்கு வசனக்காரியின் முறை. அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. மூடிய கதவின் முன் நின்று ஒரு தங்கை தன் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கிறாள், அவ்வளவுதான் காட்சி. அதற்கு ஏழு பக்கம் எழுதியிருந்தாள்.

நிஜத்தில் கேட்க முடியாததால்தான் எழுதினாள். மூன்று வருடம் முன்பு அவள் எழுதிய நகைச்சுவைப் படத்தில், நிச்சயமான மாப்பிள்ளை ஜன்னல் வழியே இறங்கி ஓட்டம் பிடிப்பான். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்த ஜன்னல் அக்காவுடையது, மாப்பிள்ளையும் அக்காவுடையவன். அதே கட்டடத்தின் மாடியில் உடை தைக்கும் அக்கா, அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள். படிக்கட்டில் எதிர்ப்பட்டால், ஊசியில் நூல் கோப்பவளைப் போலக் கண்ணை இடுக்கிக்கொண்டு கடந்துபோவாள். படம் வந்தால் எப்படியும் பார்ப்பாள். பார்த்தால் புரிந்துகொள்வாள். வசனக்காரி நம்பியிருந்தது இவ்வளவுதான்.

காட்சியை நடித்துக் காட்ட வேண்டிய நடிகை அன்று காலை வரவில்லை. தொண்டை கட்டிவிட்டதாம்.

"சத்தமே வெளிய வராத அறையில நடிக்கிறதுக்குத் தொண்டை எதுக்கு சார்?"

"தொண்டைக்கு லீவு உண்டும்மா. விதியில இருக்கு" என்றார் குமாஸ்தா. "எழுதினவங்களே நடிக்கலாம். அதுவும் இருக்கு. மூணு தடவை. மூணாவதுதான் கடைசி, அதுல தெரிஞ்சதுதான் படம்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திரும்பினாள். வெளியே நாற்காலியில், கழுத்தில் அளவு நாடாவோடு அக்கா உட்கார்ந்திருந்தாள். இன்று உட்கார்ந்து பார்ப்பது தையல் பிரிவின் முறை.

வசனக்காரியின் கை கதவுப் பிடிக்குத் திரும்பியது. ஆனாலும் இந்த வாய்ப்பை விட்டால் கிடைக்குமா? நெஞ்சில் கை வைத்தாள். காற்றில் ஜன்னல் வரைந்தாள். அதில் ஏறி இறங்கி மாப்பிள்ளையாக ஓடினாள். திரும்பி வந்து தலையில் அடித்துக்கொண்டு, இரண்டு கையையும் பிசைந்தபடி நின்றாள்.

குமாஸ்தா கண்ணாடியில் இருந்த சின்னத் திறப்பின் மூடியை நீக்கினார். பார்த்தவர் சொல்வதை உள்ளே இருப்பவரும் கேட்க வேண்டும், அதுவும் விதி.

"என்ன தெரிஞ்சுது?"

"மாவு பிசையறா" என்றாள் அக்கா.

"என்ன மாவு?"

"தெரியல. தண்ணி பத்தல போல."

குமாஸ்தா 'தண்ணீர் பற்றாக்குறை' என்று எழுதிக் கோடிட்டார்.

இரண்டாவது தடவை வசனக்காரி ஏழு பக்கத்தையும் மனப்பாடமாகக் கண்ணாடிக்கு எதிரே கொட்டினாள். மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைத்துத் துடைத்துப் பேசினாள்.

"பஸ்ஸை விட்டுட்டா" என்றாள் அக்கா. "கண்டக்டரைத் திட்டிக்கிட்டே ஜன்னல் துடைக்கிறா."

"பஸ் போயிடுச்சுன்னா எந்த ஜன்னலைம்மா துடைக்கிறாங்க?"

"அதை அவளைத்தான் கேக்கணும்."

"அக்கா, உனக்கு நிஜமாவே..." என்று உள்ளிருந்து குரல் வருவதற்குள் குமாஸ்தா திறப்பை மூடிவிட்டார்.

மூன்றாவது தடவைக்கு அவளிடம் எதுவும் மிச்சமில்லை. கை ஓய்ந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து அக்காவைப் பார்த்தாள். அக்காவும் பார்த்தாள். இந்த முறை கண்ணை இடுக்கவில்லை. குமாஸ்தா இரண்டு தடவை பேனாவை உதறினார்.

"ஒண்ணும் பண்ணல" என்றாள் அக்கா கடைசியில். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "உக்காந்திருக்கா. பாக்கவே சங்கடமா இருக்கு."

குமாஸ்தா எழுதி முத்திரை குத்தினார். ஏழு பக்கமும் அலமாரிக்குப் போயின.

அக்கா எழுந்து கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"எந்திரி. தரை ஜில்லுனு இருக்கு."

"உனக்குப் புரியவே இல்லையா அக்கா?"

"முதல் தடவையே புரிஞ்சுது."

"அப்புறம் ஏன் மாவுன்னு சொன்ன?"

"இன்னும் ரெண்டு தடவை பாக்கணும்னு இருந்துச்சு. ஊரு மட்டும்தான் சிரிக்கணுமா? அவனா ஓடினப்போ இடுப்பை ஆட்டினியே, அப்படியே அவன்தான்." சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என் காட்சி போச்சு."

"போகட்டும். ஏழு பக்கமா எழுதுவாங்க?"

குமாஸ்தா தலையை நீட்டினார். "பார்வையில பட்டவங்கதான் படத்துலயும் நடிக்கணும். உக்கார்ற பொம்பளை இவங்கதான். படத்துக்கு இவங்களுக்கு உடை தைச்சிடலாமா?"

அக்கா நாடாவைக் கழுத்திலிருந்து உருவினாள். தங்கையின் தோளில் வைத்துப் பார்த்து முகம் சுளித்தாள்.

"இளைச்சுட்ட. இப்போ எடுத்தா அளவு நிக்காது. நாளைக்கு மாடிக்கு வா. சாப்பிட்டுட்டு வா."